வெள்ளம், புயல் நேரத்துல சேர்ந்த பணத்தை எப்படிக் குடுக்கிறது: பொருளா, கையில காசா, முதல்வர் நிதியா, அமைப்புக்கா, நேர்ல போறதா?

கார்த்திகை மாசம் பொறந்தா போதும், எனக்கு ஒரே மாதிரி மெசேஜ் வர ஆரம்பிச்சிடும். போன தடவை ஒருத்தர் எழுதினது இது: "எங்க அபார்ட்மெண்ட்ல ஒரு லட்சத்து எண்பதாயிரம் சேர்ந்திருக்குங்க, பாதி பேர் அரிசி பருப்பு வாங்கி லாரில அனுப்பலாம்ங்கிறாங்க, பாதி பேர் முதல்வர் நிவாரண நிதிக்குப் போட்டுட்டு வேலையைப் பாருங்கங்கிறாங்க, ரெண்டு பையன்க நாங்க நேர்லயே போறோம்னு நிக்கிறாங்க, எது சரி?" தனித்தனியா பதில் போட்டுட்டு இருந்ததை இப்ப ஒரே இடத்துல எழுதிடறேன்.

எனக்கு சொந்த ஊர் பேராவூரணி பக்கம். 2018 நவம்பர் 16 விடியக்காலை கஜா புயல் கரையேறினப்ப எங்க வீட்டு ஓட்டுக்கூரை போச்சு, தோப்பு போச்சு. உதவி வாங்கின பக்கமும் நான் நின்னுருக்கேன். அப்புறம் 2023 டிசம்பர் 17, 18-ல தூத்துக்குடி மாவட்டம் மூழ்கினப்ப, காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 செ.மீ. கொட்டுச்சே அந்த மழை, நண்பர்களோட ஏரல், ஸ்ரீவைகுண்டம் பக்கம் போய் குடுக்கிற பக்கமும் நின்னேன். இந்த ரெண்டையும் வச்சுத்தான் சொல்றேன்.

## முதல்ல எதை வச்சு முடிவு பண்றது

எந்த வாரம்? இதுதான் எல்லாத்தையும் விட பெருசு. முதல் பத்து நாள் தேவை தண்ணி, சாப்பாடு, தார்ப்பாய், வெளிச்சம், மருந்து. அதுக்கப்புறம் ஒன்னு ரெண்டு மாசம் அடுப்பு, பாத்திரம், புள்ளைங்க நோட்டு புஸ்தகம், நனைஞ்சு போன ஆதார், பட்டா, ரேஷன் கார்டு. அதுக்கும் அப்புறம் தொழில். ஆனா நாம அனுப்புற பணம் பூரா முதல் பத்து நாள்லயே வந்து கொட்டிடுது, டிவில அடுத்த செய்தி வந்ததும் நின்னுடுது.

யாருக்குப் போய்ச் சேருது? மெயின் ரோட்டு ஓரமா இருக்கிற ஊருக்கு பத்து வண்டி வரும், நாலு கிலோமீட்டர் உள்ள இருக்கிற ஊருக்கு ஒன்னு கூட வராது. ஊர்த்தெருவோட வண்டி நின்னுடும், காலனித் தெருவுக்குப் போகாது. கஜாவுல நான் கண்ணால பார்த்தது இது, சொல்ல கஷ்டமா இருக்கு ஆனா சொல்லித்தான் ஆகணும். அதே மாதிரி பட்டா இல்லாதவங்க, குத்தகைக்கு ஓட்டறவங்க, வாடகை வீட்டுக்காரங்க, தனியா இருக்கிற பொம்பளைங்க, இவங்க எந்த லிஸ்ட்லயும் கடைசிதான்.

ஒரு ரூபாயில எவ்வளவு வழியில கரையுது? லாரி வாடகை, டீசல், ஏத்துக்கூலி இறக்குகூலி, கெட்டுப் போற பொருள் எல்லாம் இதுல வரும்.

வாங்கறவங்களுக்கு என்ன வேணும்னு முடிவு பண்ற உரிமை யார்கிட்ட இருக்கு? வரிசையில நின்னு கை நீட்டி வாங்கறது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். எங்க அப்பா மூனு நாள் வீட்டை விட்டு வெளிய வரலை, தோப்பு வச்சிருந்த மனுஷன் பிரட் பாக்கெட்டுக்கு எப்படி வரிசையில நிப்பாரு.

கணக்கு. பணம் குடுத்தவங்களுக்கு பதில் சொல்லணும், ரசீது வேணும், சிலருக்கு வரி விலக்கும் வேணும்.

சட்டுனு பார்க்கறவங்களுக்காக:

| வழி | எப்ப நல்லது | வெளிய தெரியாத செலவு | யாரைத் தவற விடும் |
|---|---|---|---|
| பொருள் | முதல் வாரம், கடை மூடியிருக்கிறப்ப | லாரி, குடோன், பிரிக்கிற ஆள் | ரோட்டை விட்டு உள்ள இருக்கிற ஊர் |
| கையில காசு | கடை திறந்த பிறகு | லிஸ்ட் எடுக்கிறது, ஊர்ச் சண்டை | லிஸ்ட் எடுக்கிறவர் கண்ணுல படாதவங்க |
| முதல்வர் நிதி | நமக்கு அங்க யாரையும் தெரியாதப்ப | எங்க போகுதுன்னு நாம சொல்ல முடியாது | கார்டு, பட்டா இல்லாதவங்க |
| அங்கயே இருக்கிற அமைப்பு | ரெண்டாவது வாரத்துல இருந்து | விசாரிக்கிற வேலை | அவங்க வேலை செய்யாத ஊர் |
| நேர்ல போறது | தண்ணி வடிஞ்ச பிறகு, கையில தொழில் இருந்தா | நம்ம சாப்பாடு, தங்கல், உடம்பு | |
| தொழில் நிமித்தறது | மூனாவது மாசத்துல இருந்து | பொறுமை, திரும்பத் திரும்பப் போறது | |

## பொருளா அனுப்புறது

மனசுக்கு ரொம்பத் திருப்தியா இருக்கிற வழி இதுதான், லாரில பேனர் கட்டி கிளம்பறப்ப ஏதோ பண்ணிட்டோம்னு இருக்கும். முதல் வாரத்துக்கு இதை விட்டா வேற வழியும் கிடையாது. கஜா அடிச்ச மறுநாள் எங்க பக்கம் காசு வச்சிருந்தவனுக்கும் மெழுகுவர்த்தி கிடைக்கலை. ஒரு லட்சத்துக்கு மேல கரண்ட் கம்பம் விழுந்து கிடந்துச்சு, கரண்ட் இல்லன்னா மோட்டார் இல்ல, மோட்டார் இல்லன்னா டேங்க்ல தண்ணி ஏறாது, சுத்தி தண்ணியா நின்னாலும் குடிக்க ஒரு குடம் இல்ல. அப்ப யாரோ ஒரு ஜெனரேட்டரை டிராக்டர்ல வச்சு ஊர் ஊரா கொண்டு போய் மணிக்கணக்குல வாடகை பேசி டேங்க் ஏத்தினாங்க, அந்த வாடகையைக் குடுத்தவங்க யாருன்னு இன்னி வரைக்கும் எங்களுக்குத் தெரியாது, ஆனா ஆயிரம் பிரட் பாக்கெட்டை விட அதுதான் ஊரைக் காப்பாத்துச்சு. மரம் அறுக்கிற மெஷினும் அப்படித்தான். வாசல் குறுக்க தென்னை விழுந்து கிடக்கிறப்ப வீட்டுக்குள்ள போறதே அதை அறுத்தாத்தான்.

பழைய துணி மட்டும் தயவு செஞ்சு வேணாம். 2004 சுனாமில நாகப்பட்டினம் பக்கம் ரோட்டோரம் குவிஞ்சு கிடந்த துணி எல்லாருக்கும் தெரிஞ்ச கதை, அதுக்கப்புறமும் நாம திருந்தலை. கஜாவுல எங்க ஊர் பள்ளிக்கூடத்துல வந்து இறங்கின மூட்டையை நானும் எங்க சித்தியும் உக்காந்து பிரிச்சோம். ஜாக்கெட் இல்லாத பட்டுப்புடவை, ஜிப் போன பேண்ட், ஸ்வெட்டர், குழந்தை ஃப்ராக் எல்லாம் ஒரே மூட்டையில ஈரத்தோட, நாத்தம் வேற. ஒரு நாள் பூரா பிரிச்சு கட்டக்கூடியதுன்னு தேறினது கொஞ்சம்தான், மிச்சத்தை எங்க போடறதுன்னு தெரியாம வாய்க்கால் கரையில குவிச்சோம். பொம்பளைங்க வாய் விட்டுக் கேக்காம தவிச்சது உள்ளாடை, நைட்டி, நாப்கின். புதுசா வாங்கி சைஸ் எழுதி தனிப் பையில போட்டு அனுப்புங்க, அது போதும்.

செலவு விஷயத்துல ஒன்னு. கோயம்புத்தூர்ல அரிசி வாங்கி முன்னூறு கிலோமீட்டர் லாரில அனுப்பறதுக்கு பதிலா, அடி படாத கிட்டத்து டவுன்ல வாங்குங்க, எங்க பக்கம்னா திருச்சி, தூத்துக்குடி பக்கம்னா மதுரை. போன் போட்டு மொத்தக் கடையில சொல்லிட்டா மினி லாரில கொண்டு வந்து இறக்கிடுவாங்க, லாரி வாடகையில பாதி மிஞ்சும். மெயின் ரோட்டுல நிறுத்தாதீங்க, உள்ளூர் பையன் ஒருத்தனை முன்னாடி பைக்ல போகச் சொல்லி பின்னாடி போங்க.

கடை திறந்துட்டா பொருளை நிறுத்திடணும். ஏரல் கடைத்தெருல தண்ணி புகுந்து சரக்கெல்லாம் சேறான பிறகு, கடன் வாங்கி புதுசா சரக்கு போட்டு கடையைத் திறந்து வச்சிருக்கிறவர் எதிர்லயே நாம இலவசமா அரிசி இறக்கினா அவர் எப்படி எழுந்திரிப்பாரு?

## கையில காசு குடுக்கிறது

ஏரலுக்குப் பக்கத்துல ஒரு ஊர். தண்ணி வடிஞ்சு ஒரு வாரம் இருக்கும். வீட்டுக்குள்ள முழங்கால் உயரத்துக்கு நின்ன சேறை வாரி வாசல்ல கொட்டியிருந்தாங்க, சுவத்துல ஜன்னல் மட்டத்துக்கு மேல தண்ணி நின்ன கோடு. அந்த அக்கா திண்ணையில போர்வையை மடிச்சு அடுக்கி வச்சிருந்தாங்க, எண்ணிப் பார்த்தேன், ஒம்போது. எங்க கையில இன்னொரு போர்வை. அவங்க வாங்கலை. "போர்வ போதும்ப்பா, அடுப்பு போயிட்டு, ரெகுலேட்டர் போயிட்டு, மூனு கல்லு வச்சு ஈர வெறகுல ஊதிக்கிட்டு கெடக்கேன், அதுக்கு ஒரு வழி சொல்லுங்க"ன்னாங்க. அன்னைக்கு சாயங்காலமே மிச்சப் பொருள் வாங்கறதை நிறுத்திட்டு இருந்த பணத்தை கவர்ல போட்டுக் குடுக்கலாம்னு முடிவு பண்ணோம்.

காசு குடுத்தா குடிச்சிடுவாங்கன்னு எல்லா குரூப்லயும் ஒருத்தர் சொல்வார். நாங்க வீட்டுப் பொம்பளைங்க கையில குடுத்தோம். ஒரு மாசம் கழிச்சு திரும்பப் போய் கேட்டப்ப அடுப்பு, பாத்திரம், ஸ்கூல் பேக், கரண்ட் ஒயரிங், அப்புறம் எல்லா வீட்லயும் சொன்னது குழுக்கடன் தவணை. வீடே மூழ்கி வேலையும் இல்லாம இருக்கிறப்ப வாரத் தவணைக்கு ஆள் வந்து வாசல்ல நிக்கிறது எவ்வளவு அவமானம்னு அனுபவிச்சவங்களுக்குத்தான் தெரியும். அரிசி மூட்டையால அந்தத் தவணையைக் கட்ட முடியாது.

வெளிய தெரியாத செலவு லிஸ்ட்தான். யாருக்கு, எவ்வளவு, ஏன் அந்தத் தெருவுக்கு, ஏன் எங்களுக்கு இல்லன்னு ஊரே வந்துடும். நாங்க கத்துக்கிட்டது, ஒரு ஊர்ல பாதிப் பேருக்கு நிறைய குடுக்கிறதை விட சின்ன தெரு ஒன்னை எடுத்து எல்லா வீட்டுக்கும் ஒரே தொகை குடுத்துடறது நல்லது. லிஸ்ட்டை ஒருத்தர்கிட்ட மட்டும் வாங்காதீங்க, அங்கன்வாடி டீச்சர், ஊர்ப் பெரியவர், மகளிர் குழு தலைவி மூனு பேர்கிட்டயும் தனித்தனியா வாங்கி ஒப்பிட்டுப் பாருங்க, மூனுலயும் இல்லாத வீடு எதுன்னு கடைசித் தெரு வரைக்கும் நடந்து பாருங்க. ஜிபேல போட்டுடலாம்னு நினைக்காதீங்க, போனே தண்ணில போயிருக்கும், ஏடிஎம்ல கரண்ட் இருக்காது. கவர்ல போட்டு, பேர் எழுதி, கையெழுத்து வாங்கிக் குடுங்க. குடுக்கிறப்ப போட்டோ எடுக்காதீங்க, கையெழுத்துப் பேப்பரே கணக்குக்குப் போதும்.

## முதல்வர் பொது நிவாரண நிதி

அரசாங்கம் பண்ற அளவுக்கு யாராலயும் பண்ண முடியாது, இதை ஒத்துக்கணும். விழுந்த கம்பத்தை நடறது, உடைஞ்ச குளத்துக்கரையைக் கட்டறது எல்லாம் நம்ம ஒன்னரை லட்சத்துல ஆகற காரியமா? 2023-ல தூத்துக்குடி, திருநெல்வேலியில ரொம்ப பாதிச்ச பகுதியில கார்டுக்கு 6,000 ரூபாய் ரேஷன் கடையில டோக்கன் குடுத்து ரொக்கமா கையில குடுத்தாங்க, அத்தனை வீட்டுக்கும் ஒரே நேரத்துல சேர்த்த வழி அது. உங்களுக்கு அந்தப் பக்கம் ஒருத்தரையும் தெரியாது, அலையவும் நேரம் இல்லன்னா இதுக்குப் போடுங்க, தப்பே இல்ல.

குறை என்னன்னா, அரசாங்க உதவி ஆவணத்து மேல நிக்குது. அந்த வருஷம் சேதமான குடிசைக்கு ஒரு தொகை, செத்த மாட்டுக்கு 37,500, ஆட்டுக்கு 4,000னு அறிவிச்சாங்க, நல்ல தொகைதான், ஆனா அடிச்சுக்கிட்டு போன ஆடு செத்துச்சுன்னு எதை வச்சுக் காட்டறது? வாடகை வீட்டுக்காரருக்கு வீட்டுச் சேதம் கிடையாது, பொருள் மட்டும் போச்சு. நீங்க போடற பணம் இந்த ஊருக்குன்னு சொல்லவும் முடியாது.

வரி விஷயம்: வருமான வரியில இதுக்கு 100 சதவீதம் கழிவு உண்டு, ஆனா பழைய வரி முறையில இருக்கிறவங்களுக்குத்தான், புது முறைல கிடையாது. 2,000 ரூபாய்க்கு மேல ரொக்கமா குடுத்தாலும் கழிவு இல்ல, ஆன்லைன்லயோ செக்லயோ போடுங்க. கம்பெனில வேலை பார்க்கிறவங்க கவனிங்க, முதல்வர் நிதிக்குப் போட்டது கம்பெனியோட சிஎஸ்ஆர் (சமூகப் பொறுப்புச் செலவு) கணக்குல வராது, எச்ஆர்ல முதல்லயே கேட்டுக்கோங்க.

## அங்கயே வேலை செய்யற அமைப்பு

புயலுக்கு முன்னாடியும் அந்த ஊர்ல இருந்தாங்களா? நான் முதல்ல கேக்கறது இதுதான். மீனவர் சங்கமோ, மகளிர் கூட்டமைப்போ, மாற்றுத்திறனாளிகளுக்காக வருஷக்கணக்கா வேலை செய்யற சின்ன டிரஸ்ட்டோ, அவங்களுக்கு எந்த வீட்ல படுத்த படுக்கையா பாட்டி இருக்குன்னு தெரியும், வெளிய இருந்து வர்ற நமக்கு ஒரு வருஷம் ஆனாலும் தெரியாது. கணக்கை எங்க போடறாங்க, போன தடவை வாங்கினதுக்கு கணக்கு காட்ட முடியுமா, பணத்துல எவ்வளவு சம்பளத்துக்குப் போகுதுன்னு நேரா கேளுங்க. சம்பளத்துக்குப் போகுதுன்னு சொன்னா கோவப்படாதீங்க, ஆறு மாசம் ஒரு ஆள் ஊர்ல அலையணும்னா அவர் வீட்லயும் அடுப்பு எரியணும். நன்கொடை கேட்டு புதுசா முளைச்ச கியூஆர் கோடுக்கு மட்டும் போடாதீங்க. கஜா நேரத்துல எங்க நண்பர்கள் ஒரு தனி ஆளோட கணக்குக்கு நாப்பதாயிரம் போட்டோம், ஊருக்கு வந்தது அஞ்சு பெட்டி தண்ணி பாட்டில்.

வெளிநாட்டுல இருக்கிறவங்களுக்கு ஒரு விஷயம். இந்தியப் பாஸ்போர்ட் வச்சிருக்கிறவங்க சொந்தச் சம்பாத்தியத்துல இருந்து பேங்க் வழியா அனுப்பலாம். வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிட்டவங்கன்னா அது வெளிநாட்டு நன்கொடை, எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) பதிவு இருக்கிற அமைப்புதான் வாங்க முடியும், அந்தப் பணத்தை 2020-க்கு அப்புறம் அவங்க இன்னொரு சின்ன அமைப்புக்கு மாத்தி விடவும் முடியாது. அதனால வேலை செய்யற அமைப்புக்கே பதிவு இருக்கான்னு பார்த்துட்டு அனுப்புங்க.

## நேர்ல போறது

முதல் மூனு நாள் போகாதீங்க. மீட்புக்குப் பயிற்சி எடுத்தவங்க பார்த்துப்பாங்க, நாம போனா நமக்கும் சேர்த்து அவங்க சாப்பாடு தேடணும், ரோட்டை அடைச்சுக்கிட்டு நம்ம கார் நிக்கும். தண்ணி வடிஞ்ச பிறகு போங்க, அதுலயும் கையில ஒரு தொழில் இருந்தா ரொம்ப நல்லது. எங்க கூட வந்த எலக்ட்ரீஷியன் அண்ணன் ஒருத்தர், மெயினை ஆஃப் பண்ணி வீடு வீடா சுவிட்ச் போர்டைக் கழட்டி சேறை எடுத்து காய வச்சு மீட்டர் போட்டுப் பார்த்துக் குடுத்தாரு, நாலு நாள் ஓயலை. பத்து பேர் பேனரோட வந்து நிக்கிறதை விட அவர் ஒருத்தர் வந்தது பெருசு. பைக் மெக்கானிக், மோட்டார் காயில் கட்டறவர், பிளம்பர், நர்ஸ், இவங்க போங்க. தொழில் இல்லாதவங்க மண்வெட்டி, பூட்ஸ், கையுறையோட போய் சேறு வாருங்க, அதுவும் பெரிய உதவிதான், வயசானவங்க தனியா இருக்கிற வீட்ல அதை வார ஆள் கிடையாது. வெறுங்கால்ல இறங்காதீங்க, எலிக்காய்ச்சல் அந்தத் தண்ணிலதான் வரும், கால்ல சின்னப் புண் இருந்தா கூட டாக்டரைப் பார்த்து முன்னாடியே மாத்திரை வேணுமான்னு கேட்டுக்கோங்க. டிடி (டெட்டனஸ்) ஊசி பத்தியும் கேளுங்க. சாப்பாடு, தண்ணி, படுக்கை எல்லாம் நம்ம கையில இருக்கணும்.

## மூனு மாசம் கழிச்சு, தொழிலுக்குக் குடுக்கிறது

இதைத்தான் யாரும் யோசிக்கறதில்ல, இதுக்காகத்தான் நான் இந்தக் கட்டுரையையே எழுதறேன்.

கஜாவுக்கு அப்புறம் விழுந்த தென்னைக்கு மரத்துக்கு 1,100 ரூபாய்னு அரசு குடுத்துச்சு, 600 மரத்துக்கு, 500 அதை வெட்டி அப்புறப்படுத்த. தோப்புக்காரருக்கு அது போதாதுதான், நெட்டை ரகம் வச்சா காய்க்க ஆறேழு வருஷம், குட்டைக்கே மூனு நாலு வருஷம், ஆனாலும் ஏதோ ஒரு கணக்குல அவர் பேர் இருந்துச்சு. எங்க தோப்புல விழுந்த மட்டையை எடுத்துக்கிட்டுப் போய் ஊற வச்சு கீத்து முடைஞ்சு வித்துத்தான் எங்க தெருக்கோடில ஒரு சின்னம்மா மூனு புள்ளைங்களை வளர்த்தாங்க. புயலுக்கு அப்புறம் ஒரு ரெண்டு மாசம் அவங்களுக்கு நிறைய வேலை, அவ்வளவு மட்டை கிடக்குதே, எல்லாருக்கும் கூரைக்கு கீத்து வேணுமே. மூனாவது மாசம் மட்டை தீர்ந்துச்சு. அப்புறம் மரம் இல்ல, மட்டை இல்ல, அவங்க முடைஞ்ச கைக்கு வேலை இல்ல, எந்த லிஸ்ட்லயும் அவங்க மரம்னு ஒன்னு கிடையாது. காய் பறிக்கிறவர், மட்டை உரிக்கிறவர், கயிறு திரிக்கிற பொம்பளைங்க, எல்லாருக்கும் இதே கதை. அந்தச் சின்னம்மா அடுத்த வருஷம் திருப்பூருக்குக் கிளம்பிட்டாங்க, பெரிய பொண்ணு படிப்பை நிறுத்திட்டு கூடப் போச்சு. அப்ப ரெண்டு ஆடோ ஒரு தையல் மெஷினோ யாராவது குடுத்திருந்தா அந்தப் பொண்ணு பத்தாவது முடிச்சிருக்கும். முதல் வாரம் எங்க தெருவுக்கு வந்த பிஸ்கட் பாக்கெட்டுக்கு ஆன காசுல பத்து தையல் மெஷின் வாங்கியிருக்கலாம்.

கஷ்டம் என்னன்னா மூனு மாசம் கழிச்சு பணம் கேட்டா யாரும் குடுக்க மாட்டாங்க, அதனால முதல் வாரம் சேர்றப்பவே ஒரு பங்கை தனியா எடுத்து வச்சிடணும், எடுத்து வைக்கிறோம்னு குடுத்தவங்க எல்லார்கிட்டயும் அப்பவே எழுதிச் சொல்லிடணும், இல்லன்னா பின்னாடி பணம் எங்கன்னு பேச்சு வரும். இன்னொன்னு, ஆடு வாங்கிக் குடுத்துட்டு வந்துட்டா ஆகாது, அதுக்குத் தடுப்பூசி போட்டாச்சான்னு கேக்க ஒரு ஆள் வேணும். ஏற்கனவே அங்க இருக்கிற அமைப்போட சேர்ந்து பண்றதுதான் இதுக்கு வழி.

## அந்த ஒரு லட்சத்து எண்பதாயிரத்துக்கு நான் சொன்ன பதில்

புயல் அடிச்சு நாலாவது நாள் அவர் கேட்டார், அவங்க அபார்ட்மெண்ட் வாட்ச்மேனோட சொந்த ஊரே பாதிச்ச இடம். அந்தத் தொடர்பு பெரிய சொத்து, அதனால முதல்வர் நிதி வேணாம்னு சொன்னேன். முப்பதாயிரத்துக்கு கிட்டத்து டவுன்ல தார்ப்பாய், டார்ச், கொசுவத்தி, நாப்கின், பிளீச்சிங் பவுடர். எழுபத்தஞ்சாயிரத்தை கடை திறந்த பிறகு ஒரு சின்ன தெருவுக்கு வீட்டுக்கு ஒரே அளவா கவர்ல. மிச்சம் எழுபத்தஞ்சாயிரத்தை அபார்ட்மெண்ட் சங்கக் கணக்குலயே வச்சுக்கோங்க, மாசி மாசம் அதே தெருவுக்கு ரெண்டு பேர் போங்க, யார் வேலைக்குத் திரும்பலைன்னு கேளுங்கன்னேன். நேர்ல போறோம்னு நின்ன ரெண்டு பையன்களையும் அந்த மாசிப் பயணத்துக்கு அனுப்பச் சொன்னேன்.

அவருக்கு யாரையும் தெரியாம இருந்திருந்தா பாதியை முதல்வர் நிதிக்கும் பாதியை அங்க பல வருஷமா இருக்கிற ஒரு அமைப்புக்கும் போடச் சொல்லியிருப்பேன். பத்தாயிரம் ரூபாய்க்குள்ளன்னா பிரிக்கவே வேணாம், முழுசா ஒரே இடத்துக்கு. நீங்க எந்த ஊருக்கு, எந்த வாரத்துல, எவ்வளவு வச்சிருக்கீங்கன்னு மூனையும் சேர்த்து எழுதுங்க, அதுக்கேத்த மாதிரி சொல்றேன்.